ரேச்சல் வைட்ரீட்: 'ஹவுஸ்' சிற்பத்தை இடித்தது சரியா?

பொன்னிக்கரை (இழையைத் தொடங்கியவர்):

வணக்கம் நண்பர்களே. சிற்பி அனீஷ் கபூர் பற்றிய இழையில் ஒருவர், 1991ல் கபூர் பிரிட்டனின் டர்னர் கலைப் பரிசு வாங்கியபோது இறுதிப் பட்டியலில் இன்னும் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டிருந்தார். அந்தப் பட்டியலில் இருந்த ஒருவருக்குத் தனி இழையே வேண்டும் என்று தோன்றியது. பிரிட்டிஷ் சிற்பி ரேச்சல் வைட்ரீட். அந்த ஆண்டு அவருக்குப் பரிசு கிடைக்கவில்லை. 1993ல் கிடைத்தது. டர்னர் பரிசு பெற்ற முதல் பெண் அவர்தான். பரிசை அறிவித்தது நவம்பர் 23 அன்று. அதே நாளில்தான், ஊரே பேசிக்கொண்டிருந்த அவருடைய 'ஹவுஸ்' சிற்பத்துக்கு (ஒரு முழு வீட்டின் உட்புறத்தைக் காங்கிரீட்டில் வார்த்தது) அவகாசத்தை நீட்டித்துத் தர முடியாது என்று கிழக்கு லண்டனின் உள்ளாட்சிக் குழு முடிவெடுத்தது. 1994 ஜனவரி 11ஆம் தேதி இயந்திரம் வந்து அதை இடித்துப் போட்டது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தச் சிற்பம் நின்றிருக்க வேண்டும். "தற்காலிகமாகத்தானே செய்தார்கள்" என்ற பதில் எனக்குப் போதவில்லை. ஏன் என்று சொல்ல, அவர் அங்கே எப்படி வந்து சேர்ந்தார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பிறந்தது 1963ல், இல்ஃபோர்டில். அப்பா புவியியல் ஆசிரியர், அம்மா ஓவியர். அக்காக்கள் இருவரும் இரட்டையர். பிரைட்டன் பாலிடெக்னிக்கில் ஓவியம் படிக்கப் போனவர், அங்கே சிற்பி ரிச்சர்ட் வில்சன் நடத்திய வார்ப்புப் பட்டறையில் ஒரு கரண்டியை மணலில் அழுத்தி, அந்தப் பள்ளத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றினார். வந்தது கரண்டிதான், ஆனால் அதில் கரண்டியின் குணம் பாதி போயிருந்தது. அங்கே பிடித்த ஆர்வம் இன்றுவரை விடவில்லை. 1985 முதல் 87 வரை லண்டன் ஸ்லேட் கல்லூரியில் சிற்பம் படித்தார். ஹைகேட் கல்லறைத் தோட்டத்தில் சில காலம் வேலை பார்த்தார். சவப்பெட்டி மூடிகளைச் சரிசெய்கிற வேலை.

1988ல் முதல் தனிக்கண்காட்சி. ஒரு துணி அலமாரியின் உள்ளே பிளாஸ்டரை ஊற்றி நிரப்பி, மரத்தைக் கழற்றி எடுத்துவிட்டு, மிஞ்சியதன் மேல் கறுப்புக் கம்பளித் துணி போர்த்தினார். சின்ன வயதில் அலமாரிக்குள் ஒளிந்து உட்கார்ந்த இருட்டு அது. ஒரு கட்டிலுக்கு அடியில் இருக்கும் இடத்தை வார்த்தார். வெந்நீர்ப் பையின் உட்புறத்தை வார்த்தார். அது தலையும் கைகாலும் இல்லாத ஒரு குழந்தையின் உடம்பு போலவே வந்தது.

1990ல் 'கோஸ்ட்'. வடக்கு லண்டன் ஆர்ச்வே ரோட்டில் விக்டோரியா காலத்து வீடு ஒன்றின் முன்னறை முழுவதையும் பிளாஸ்டரில் எடுத்தார். அறைக்குள் இருக்கும் காற்றை மம்மியாக்க வேண்டும் என்பதுதான் அவர் சொன்ன நோக்கம். சுவர் சுவராகப் பலகைகளாக வார்த்து, கழற்றி, வெளியே கொண்டுபோய்ச் சட்டத்தின்மேல் மறுபடி நிறுத்தினார். கணப்பு இருந்த இடத்தில் பிளாஸ்டர் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அதில் பழைய புகைக்கரி அப்படியே ஒட்டி வந்திருக்கும். கதவு உள்பக்கம் வெளிப்பக்கமாகத் திரும்பியிருக்கும். விளக்கு சுவிட்ச் இருந்த இடம் ஒரு சிறு குழி. முழுவதையும் நிறுத்தி அந்த சுவிட்சைப் பார்த்தபோதுதான், பார்க்க வருகிறவரைச் சுவரின் இடத்தில் நிறுத்திவிட்டோம் என்பது தனக்கே புரிந்தது என்று பிறகு சொல்லியிருக்கிறார்.

இத்தனைக்கும் பிறகு வந்ததுதான் 'ஹவுஸ்'. அதன் கட்டுமானத்தைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது.


சாரம்கட்டி:

கட்டட வேலையில் இருப்பவன் என்ற முறையில் அதைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் தேடிப் படித்திருக்கிறேன். பலர் நினைப்பதுபோல ஒரு வீட்டுக்குள் காங்கிரீட்டை ஊற்றி நிரப்பியதல்ல. அப்படிச் செய்தால் அழுத்தத்தில் செங்கல் சுவர் வெடித்துவிடும், எடையும் தாங்காது.

முகவரி 193, க்ரோவ் ரோடு, கிழக்கு லண்டனின் போ (Bow) பகுதி. முதலில் உள்ளே இருந்த சாமான்களை, பொருத்துகளைக் கழற்றினார்கள். சுவரில் இருந்த ஓட்டை உடைசல்களை அடைத்தார்கள். பழைய அஸ்திவாரம் போதாது என்று புதிதாகப் போட்டார்கள். உள்சுவர்களில் காங்கிரீட் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் பூச்சு. அதன்மேல் முதலில் மெல்லிய, வெளிர் நிறக் காங்கிரீட் படலம். சுவரின் ஒவ்வொரு கோட்டையும் வாங்கிக்கொள்வது அந்தப் படலம்தான். அப்புறம் இரும்புக் கம்பிவலை கட்டி, குழாய் வழியாகக் காங்கிரீட்டைப் பீய்ச்சி அடித்துக் கனம் ஏற்றினார்கள். சுரங்கப் பாதைக்கும் நீச்சல் குளத்துக்கும் இன்று எல்லா ஊரிலும் செய்கிற அதே முறை. அது நன்றாக இறுகிய பிறகு, வெளியே இருந்த செங்கல்லை ஒவ்வொன்றாகக் கையால் பெயர்த்தார்கள். 1993 அக்டோபர் 25 அன்று வேலை முடிந்தது.

செங்கல் போனதும் வெளியே தெரிந்தது என்ன? அறைகளின் உட்புறத் தோல். முன்பக்கம் துருத்திய ஜன்னல் மாடம், கண்ணாடிச் சட்டங்களின் தடம், படிக்கட்டு ஏறிய சாய்வுக் கோடு, மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் நடுவே தரைப்பலகை இருந்த மெல்லிய இடைவெளி. கூரையை மட்டும் வார்க்கவில்லை. அதனால் அது வீடுபோலவும் இருந்தது, பெட்டிபோலவும் இருந்தது.

பொன்னிக்கரை கேட்ட கேள்விக்கு என் பக்கத்துப் பதில்: உறுதியைக் காரணம் காட்டி இடிக்க வேண்டிய தேவையே இல்லை. புது அஸ்திவாரமும் கம்பியும் போட்ட அந்த மாதிரி உடம்பு, பராமரிப்போடு பல பத்தாண்டுகள் நிற்கும். இடித்தது முழுக்க முழுக்க ஒரு அரசியல் முடிவு.


கிழக்குலண்டன்:

அரசியல் முடிவுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அரசியலில் எங்கள் பக்கத்து மக்களின் குரலும் இருந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

மைல் எண்ட் ஸ்டேஷனில் இறங்கி க்ரோவ் ரோட்டில் வடக்கே நடந்தால் ஒரு ரயில் பாலம் வரும். அதில் ஒரு நீலப் பலகை. 1944 ஜூன் 13 அன்று, ஹிட்லரின் வி-1 பறக்கும் குண்டுகளில் லண்டன்மேல் விழுந்த முதல் குண்டு அங்கேதான் விழுந்தது. ஆறு பேர் செத்தார்கள். போருக்குப் பிறகு இந்தப் பக்கம் முழுவதும் இடிப்பதும் கட்டுவதுமாகவே கழிந்தது. 90களில் பசுமைப் பூங்கா அமைக்க வேண்டும் என்று மிச்சமிருந்த வரிசை வீடுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தார்கள். 193ல் இருந்தவர் ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளி. அவ்வளவு எளிதில் காலி செய்யமாட்டேன் என்று குடும்பத்தோடு தாக்குப்பிடித்தார். அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாம் போன பிறகும் அவர் வீடு மட்டும் நின்றது. அதனால்தான் வைட்ரீட்டுக்கு அது கிடைத்தது.

அந்த வீட்டுக்குள் அவர் தன் கையாலேயே அடித்த அலமாரிகள், சின்னதாக ஒரு மதுமேடை, அறைக்கு அறை வேறு வேறு சுவர்க்காகிதம் எல்லாம் இருந்தன. ஒரு மனிதன் தன் ஓய்வு நேரத்தை எல்லாம் போட்டு உருவாக்கிய வீடு அது. அவரைப் போன்றவர்கள் வீட்டுக்காகக் காத்திருக்கும்போது, ஆள் இல்லாத, கதவு திறக்காத ஒரு வீட்டுக்குப் பணம் செலவாகிறதே என்ற கோபம் நியாயமானதுதான். பின்னால் நிமிர்ந்து பார்த்தால் பணக்கார அலுவலகங்களின் கேனரி வார்ஃப் கோபுரம் புத்தம் புதிதாக நிற்கிறது. 

சிற்பத்தின்மேல் யாரோ "எதற்கு?" என்று பெயிண்டில் எழுதினார்கள். வேறு யாரோ "ஏன் கூடாது!" என்று பதில் எழுதினார்கள். கறுப்பர் வெள்ளையர் எல்லோருக்கும் வீடு வேண்டும் என்று மூன்றாவதாக ஒருவர் எழுதினார். அப்போது போ பகுதியில் இனவெறி அரசியல் தலைதூக்கியிருந்த நேரம். பக்கத்திலேயே மில்வால் வார்டில் 1993 செப்டம்பரில் நடந்த இடைத்தேர்தலில் தீவிர வலதுசாரி பி.என்.பி. (பிரிட்டிஷ் தேசியக் கட்சி) ஜெயித்திருந்தது. வீடு யாருக்கு என்பதே அந்தத் தேர்தலின் சண்டை. அந்தச் சூட்டில் வந்து நின்றது இந்தச் சிற்பம்.


நிலா82:

அருமையான இழை. ஒரு சந்தேகம். அந்த ஆண்டு அவருக்கு "மிக மோசமான கலைஞர்" என்றும் ஒரு பரிசு கொடுத்தார்களாமே? அந்தப் பணத்தை எரிக்கப்போவதாக மிரட்டினார்கள் என்கிறார்களே, அது நிஜமா?


பொன்னிக்கரை:

நிஜம்தான் தோழி. கே ஃபவுண்டேஷன் என்ற பெயரில் இரண்டு பேர்: பில் டிரம்மண்ட், ஜிம்மி காட்டி. பாப் இசையில் பெரும்பணம் சம்பாதித்துவிட்டு அதை விட்டு வெளியே வந்தவர்கள். டர்னர் பரிசு 20,000 பவுண்ட் என்றால் நாங்கள் மோசமான கலைஞருக்கு 40,000 தருகிறோம் என்று பத்திரிகை விளம்பரம் போட்டார்கள். டர்னர் இறுதிப் பட்டியலில் இருந்த அதே நான்கு பேரைத்தான் வாக்கெடுப்புக்கு வைத்தார்கள். வைட்ரீட் வாங்க மறுத்தார். வாங்காவிட்டால் பணத்தைக் கொளுத்திவிடுவோம் என்றார்கள். அதனால் வாங்கிக்கொண்டார். 30,000 பவுண்டைக் கையில் காசில்லாத பத்துக் கலைஞர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். மீதி 10,000 பவுண்டை வீடற்றவர்களுக்காக வேலை செய்யும் ஷெல்டர் அமைப்புக்குக் கொடுத்தார். வெறும் மிரட்டல் என்று யாரும் நினைத்திருந்தால், அடுத்த ஆண்டே ஸ்காட்லாந்தின் ஜூரா தீவில் அவர்கள் பத்து லட்சம் பவுண்டை நிஜமாகவே எரித்தார்கள்.

கிழக்குலண்டன் அண்ணாவுக்கு: ஷெல்டருக்குப் போன அந்தப் பணத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பிரச்சினை அவர் கண்ணில் படாமல் போகவில்லை. துறைமுகத் தொழிலாளியின் கோபத்தை நான் சின்னதாக்கவில்லை. ஆனால் அவரை வெளியேற்றி வீட்டை இடிக்க முடிவுசெய்தது கலைஞர் அல்ல, அதே உள்ளாட்சிதான். சிற்பத்தை இடித்ததும் அவர்கள்தான். இடித்த இடத்தில் ஒரு வீடாவது வந்ததா? புல்தான் வந்தது. வீடில்லாதவர்கள் பெயரைச் சொல்லி சிற்பத்தை எடுத்ததில் ஒரு குடும்பத்துக்கும் கூரை கிடைக்கவில்லை.


சுண்ணாம்பு:

நான் எதிர்க்கட்சி. பிளாஸ்டர் வார்ப்பு சொல்லிக்கொடுக்கிறவன். இந்தத் தொழிலில் ஒன்றைப் பெற ஒன்றை உடைத்தே ஆக வேண்டும். அலமாரியை வார்த்தால் அலமாரி போய்விடும். வீட்டை வார்த்தால் வீடு போய்விடும். கடைசியில் வார்ப்பும் போனது. அதில் ஒரு நேர்மை இருக்கிறது என்பது என் கருத்து.

இன்னொன்று. 'ஹவுஸ்' நிரந்தரமாக நிற்பதற்கு என்று செய்ததல்ல. இந்தச் சிற்பத்தைச் செய்ய ஏற்பாடு செய்த ஆர்ட்ஏஞ்சல் என்ற கலை அமைப்பு உள்ளாட்சியிடம் வாங்கிய அனுமதியே சில மாதத்துக்குத்தான். இவ்வளவு நாள் நிற்கும், பிறகு போய்விடும் என்று கையெழுத்துப் போட்டுத்தான் தொடங்கினார்கள். நாம் இன்று முப்பது வருடம் கழித்தும் அதைப் பற்றி எழுதுகிறோம் என்றால், அது போய்விட்டதும் ஒரு காரணம். இன்னும் நின்றுகொண்டிருந்தால் சுற்றிக் கம்பிவேலி போட்டு, பலகை வைத்து, பாசி பிடித்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டும் ஒரு சின்னமாக ஆகியிருக்கும்.

அவருடைய மற்ற பெரிய வேலைகளும் பல தற்காலிகம்தானே? 2001ல் டிரஃபால்கர் சதுக்கத்தின் காலிப் பீடத்தின்மேல், அதே பீடத்தை ரெசின் என்ற செயற்கைப் பிசினில் வார்த்துத் தலைகீழாக வைத்தாரே, 11 டன். சில மாதம் இருந்தது, எடுத்துவிட்டார்கள். 2005ல் லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தின் டர்பைன் கூடத்தில் 14,000 வெள்ளை பாலிஎத்திலீன் பெட்டிகளை அடுக்கினாரே, கண்காட்சி முடிந்ததும் உருக்கி மறுசுழற்சிக்குப் போய்விட்டன. அவரே அழியவிடும் ஆள்தான்.


பொன்னிக்கரை:

சுண்ணாம்பு ஐயா, உங்கள் வாதத்தில் பாதியை ஏற்கிறேன். மீதிக்குப் பதில் வியன்னாவில் இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாஜிகளால் கொல்லப்பட்ட 65,000 ஆஸ்திரிய யூதர்களுக்கு வியன்னாவில் தனி நினைவுச் சின்னம் வேண்டும் என்று சைமன் வீசன்தால் கேட்டார். முகாம்களிலிருந்து உயிர்தப்பி, பிறகு வாழ்நாள் முழுவதும் நாஜிக் குற்றவாளிகளைத் தேடியவர். போட்டி வைத்தார்கள். 1996ல் நடுவர் குழு வைட்ரீட்டின் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தது. இடம், யூதர் சதுக்கம் என்றே பெயர் கொண்ட யூடன்பிளாட்ஸ். அதே ஆண்டு நவம்பரில் திறப்பதாக ஏற்பாடு. திறந்தது 2000 அக்டோபர் 25 அன்று. 'ஹவுஸ்' முடிந்து சரியாக ஏழு ஆண்டு.

நடுவில் நடந்ததைக் கேளுங்கள். தோண்டியபோது, 1421ல் நடந்த படுகொலையில் அழிக்கப்பட்ட இடைக்காலத்து யூதத் தொழுகைக் கூடத்தின் அடித்தளம் வெளிப்பட்டது. இதுவே போதுமான நினைவுச் சின்னம், மேலே இன்னொன்று எதற்கு என்று ஒரு கூட்டம். வண்டி நிறுத்த இடம் போகும், வியாபாரம் கெடும் என்று கடைக்காரர்கள் ஒரு பக்கம். வடிவம் அசிங்கம் என்று வேறு சிலர். கடைசியில் சின்னத்தை ஒரு மீட்டர் தள்ளி வைத்து, கீழே கிடைத்த இடிபாடுகளை அருங்காட்சியகமாக்கி முடித்தார்கள். அதற்குள் ஆஸ்திரியாவில் தீவிர வலதுசாரி சுதந்திரக் கட்சி கூட்டணி ஆட்சிக்குள் வந்துவிட்டது. அப்படிப்பட்ட ஆண்டில்தான் திறப்பு.

பத்து மீட்டர் நீளம், ஏழு மீட்டர் அகலம், நான்கு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரம். வெளிர் காங்கிரீட்டில் ஒரு நூலக அறை, உட்புறம் வெளியே திரும்பியது. நான்கு பக்கமும் வரிசை வரிசையாகப் புத்தகங்கள், எல்லாமே முதுகு உள்ளே, தாள் ஓரம் வெளியே. தலைப்பு ஒன்றுகூடப் படிக்க முடியாது. இரட்டைக் கதவு உண்டு, கைப்பிடி கிடையாது. அடியில் சுற்றி, அந்த மக்கள் கொல்லப்பட்ட ஊர்களின் பெயர்கள் பொறித்திருக்கின்றன. அதே சதுக்கத்தில் இன்னொரு பழைய வீட்டு முகப்பில், 1421 படுகொலையைப் புகழ்ந்து லத்தீனில் எழுதிய பழைய கல்வெட்டு இன்னும் இருக்கிறது. இரண்டையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம். கிறுக்கல் பிடிக்காத பூச்சு போடலாமா என்று கேட்டபோது, வேண்டாம் என்றார் வைட்ரீட். யாராவது சுவஸ்திகா கிறுக்கினால் தேய்த்து எடுக்கலாம்; ஆனால் தங்கள் ஊரில் என்ன நடக்கிறது என்று மக்கள் யோசிக்க அதுவே ஒரு காரணமாகும் என்பது அவர் பதில்.

இப்போது உங்கள் வாதத்துக்கு வருகிறேன். நிரந்தரமாக நின்றால் சாரம் போய்ச் சின்னமாகிவிடும் என்கிறீர்கள். வியன்னாவில் அது கால் நூற்றாண்டாக நிற்கிறது, காரம் குறையவில்லை. பக்கத்தில் காபிக் கடை, சுற்றுலாக் கூட்டம், எல்லாம் இருந்தும் குறையவில்லை. பெரும் துயரத்துக்கு நிரந்தர நினைவிடம் தரலாம், ஒரு துறைமுகத் தொழிலாளியின் அடுப்படிக்கும் மாடிப்படிக்கும் தரக்கூடாது என்று யார் முடிவுசெய்தது? 'ஹவுஸ்' நின்றிருந்தால், சாதாரண மக்கள் வாழ்ந்த ஒரு வரிசை வீட்டுக்கு லண்டனில் இருக்கும் ஒரே பெரிய நினைவுச் சின்னமாக அது இருந்திருக்கும். எனக்கு வலிப்பது அங்கேதான்.

டர்பைன் கூடத்துப் பெட்டிகளையும் டிரஃபால்கர் பீடத்தையும் இதோடு சேர்க்காதீர்கள். அவற்றை எடுத்த பிறகும் கூடம் இருக்கிறது, பீடம் இருக்கிறது. 193ஆம் எண் வீடு எங்கே இருக்கிறது? அந்த வார்ப்பு ஒன்றுதான் அதன் ஒரே பிரதி.


சாரம்கட்டி:

கடைசிப் பத்தி சரியான அடி. ஆனால் வியன்னா வேலையைப் பற்றி ஒரு நுணுக்கம். அதை 'ஹவுஸ்' மாதிரியான வார்ப்பு என்று பலர் எழுதுகிறார்கள். உற்றுப் பார்த்தால் அப்படியில்லை.

அவர் 1990களில் செய்த புத்தக அலமாரி வார்ப்புகளைப் பாருங்கள். அவற்றில் புத்தகம் இருக்காது. புத்தகத்துக்குப் பின்னாலும் மேலேயும் இருந்த காற்றுதான் பிளாஸ்டராக நிற்கும். தாளின் சாயம் லேசாக ஒட்டியிருக்கும். வியன்னாவில் அதே கணக்கில் செய்திருந்தால் புத்தகம் இருந்த இடம் குழியாகத்தான் தெரியும். ஆனால் அங்கே புத்தகங்கள் முழு உருவோடு வெளியே தெரிகின்றன. கதவு திரும்பியிருக்கிறது, புத்தகம் திரும்பவில்லை. அப்படியொரு அறை எங்கும் இருந்ததுமில்லை. ஒரே அச்சில் செய்த புத்தக வரிசைகளைக் கோத்துக் கட்டிய கற்பனை அறை அது. க்ரோவ் ரோட்டில் ஒரு குறிப்பிட்ட குடும்பத்தின் தடம் இருந்தது. வியன்னாவில் யாருடைய தடமும் வேண்டுமென்றே இல்லை. இரண்டும் வேறு வேறு வேலை.


கிழக்குலண்டன்:

நல்ல விளக்கம். இதைப் படித்த பிறகு எனக்கு ஒன்று தோன்றுகிறது. குறிப்பிட்ட குடும்பத்தின் தடம் இருந்ததால்தான் அந்தக் குடும்பத்துக்கு அது அவ்வளவு உறுத்தியது. தன் படுக்கையறைச் சுவரை ஊர் முழுக்க நின்று பார்க்கிறது என்றால் யாருக்குத்தான் உறுத்தாது? நின்றிருக்க வேண்டும் என்று சொல்கிறவர்கள் அந்தக் குடும்பம் தினமும் அதைக் கடந்து போயிருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.


மெய்யப்பன்_ஓவியம்:

நான் கொஞ்சம் கடுமையாகப் பேசப்போகிறேன். முப்பது வருடமாக ஒரே யோசனை. அலமாரி, கட்டில், அறை, வீடு, நாற்காலி, பெட்டி, கொட்டகை, எதை எடுத்தாலும் உள்ளே நிரப்பு, வெளியே எடு. முதல்முறை பார்த்தால் திகைப்பு. பத்தாவது முறை? 1995ல் நூறு நாற்காலிகளின் அடிப்பக்கத்தை வண்ண வண்ண ரெசினில் வார்த்து வரிசையாக வைத்தார். அமெரிக்கச் சிற்பி புரூஸ் நவ்மன் 60களிலேயே தன் நாற்காலிக்கு அடியில் இருந்த இடத்தைக் காங்கிரீட்டில் வார்த்துவிட்டார். புதுமை எங்கே?


சுண்ணாம்பு:

வார்ப்பு செய்கிறவனாகப் பதில் சொல்கிறேன். நவ்மன் ஒன்று செய்தார், நகர்ந்தார். அவருக்கு அது ஒரு யோசனை. வைட்ரீட்டுக்குப் பொருள் முக்கியம். ரெசின் என்றால் இறுகும்போது சூடேறும். அவசரப்பட்டு ஒரே மூச்சில் கனமாக ஊற்றினால் விரிசல் விடும், நிறம் மங்கும். கனமான துண்டைத் தெளிவாக எடுப்பது பெரும்பாடு. 1998ல் நியூயார்க்கில், சோஹோ பகுதியின் ஒரு மொட்டை மாடியில், மரத்தண்ணீர்த் தொட்டியின் உட்புறத்தை ரெசினில் வார்த்து ஏற்றினார். நாலரை டன். அந்த ஊரில் எந்த மாடியைப் பார்த்தாலும் அப்படியொரு தொட்டி நிற்கும், யாரும் அதை நிமிர்ந்து பார்ப்பதில்லை. இது நுங்கு மாதிரி வெளிச்சத்தை உள்ளே வாங்கிக்கொண்டு நிற்கும். மேகமூட்டத்தில் பார்த்தால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. மரப்பலகையின் ரேகை மட்டும் மேற்பரப்பில் ஓடும். 'ஹவுஸ்' சாம்பல் நிறத்தில் கனமாக உட்கார்ந்தது. அதே முறையில் இது எடையே இல்லாததுபோல் நிற்கிறது. செய்முறை ஒன்று, வந்து நிற்கிற பொருள் வேறு. தச்சன் வாழ்நாள் முழுவதும் மரம்தான் இழைக்கிறான், அதைத் திரும்பச் செய்தல் என்று சொல்வதில்லையே.


பொன்னிக்கரை:

மெய்யப்பன் சொல்வதில் ஒரு இடத்தில் எனக்கும் உடன்பாடு. டர்பைன் கூடத்துப் பெட்டிகள் எனக்கு ஒட்டவில்லை. 2003ல் அம்மா இறந்த பிறகு வீட்டைக் காலி செய்யும்போது கிடைத்த பழைய அட்டைப்பெட்டி ஒன்றுதான் அதற்கு வித்து. சின்ன வயதில் பொம்மை போட்டு வைத்திருந்த பெட்டி. மூலம் அவ்வளவு நெருக்கமானது. ஆனால் பத்துப் பெட்டி வடிவங்களைத் தொழிற்சாலையில் 14,000 ஆகப் பெருக்கியபோது, கை பட்ட தடம் தேய்ந்துவிட்டது. பனிமலைபோலப் பிரமாண்டமாக இருந்தது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு செய்தவை எனக்கு மறுபடி பிடிக்கின்றன. யாரும் எட்டிப் பார்க்காத இடங்களில் யாரும் கவனிக்காத கொட்டகைகளை வார்க்கிறார். நார்வேயில் ஏரிக்கரையில் ஒரு படகுக் கொட்டகை, 2010ல். நியூயார்க் கவர்னர்ஸ் தீவில் ஒரு மரக் குடில், 2016ல். யார்க்‌ஷயர் டால்பி காட்டில் முதல் உலகப்போர்க் காலத்து வளைகூரைக் குடிசை, 2018ல். இவை எல்லாம் நிற்பதற்கு என்றே செய்தவை. 'ஹவுஸ்' போனதற்கு இவர் தரும் பதிலாகவே நான் இவற்றைப் பார்க்கிறேன். அப்புறம், எப்போதும் வார்ப்புதான் என்ற குற்றச்சாட்டு 2021க்குப் பிறகு செல்லாது. பொதுமுடக்கக் காலத்தில் வார்ப்பதையே விட்டுவிட்டு, உடைந்த மரம், தகரம், கிளை எல்லாம் சேர்த்து இரண்டு சிதைந்த குடில்களைக் கட்டி, முழுக்க வெள்ளை பூசி வைத்தார். உள்ளே எட்டிப் பார்க்க முடிகிற கட்டடம் அவர் கையில் அதுதான் முதல்முறை என்று நினைக்கிறேன்.

கிழக்குலண்டன் அண்ணா, அந்தக் குடும்பம் தினமும் கடந்து போயிருக்கும் என்ற உங்கள் வரி என்னை யோசிக்கவைத்தது. அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. இருந்தும், அவர்களிடம் கேட்டு முடிவெடுத்திருந்தால் அது வேறு. இடிக்கலாமா கூடாதா என்ற வாக்கெடுப்பில் அவர்களுக்கு வாக்கு இல்லை.


நிலா82:

அடுத்த கோடையில் லண்டன் வருகிறேன். இவருடைய வேலைகளைக் காசில்லாமல் எங்கே பார்க்கலாம்? இடம் சொன்னால் குறித்துக்கொள்வேன்.


கிழக்குலண்டன்:

வாங்க தங்கச்சி. முதலில் வைட்சேப்பல் போங்க. வைட்சேப்பல் கலைக்கூடத்தின் முகப்பை அண்ணாந்து பார்த்தால் தங்க முலாம் பூசிய வெண்கல இலைகள் தெரியும். 2012ல் ஒலிம்பிக் நேரத்தில் வைத்தது. கூடவே, அந்தக் கட்டடத்து ஜன்னல்களைச் சுடுமண்ணில் வார்த்துச் செங்குத்தாகப் பதித்திருப்பார். தெருவில் நின்றே பார்க்கலாம்.

அங்கிருந்து பெத்னல் கிரீன் பக்கம்தான். யங் வி அண்ட் ஏ என்ற குழந்தைகள் அருங்காட்சியகத்தில், அவர் பல வருடமாகச் சேர்த்த பொம்மை வீடுகளை மலைச்சரிவு ஊர்போல அடுக்கியிருப்பார். சுமார் 150 வீடு, ஒவ்வொன்றுக்குள்ளும் விளக்கு எரியும், உள்ளே ஒரு நாற்காலிகூட இருக்காது. போவதற்கு முன்னால் காட்சியில் இருக்கிறதா என்று ஒருமுறை தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அனுமதி இலவசம். 'கோஸ்ட்' லண்டனில் இல்லை, அது வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில். நியூயார்க் தண்ணீர்த் தொட்டி இப்போது அந்த ஊரின் மோமா (நவீனக் கலை அருங்காட்சியகம்) வசம்.

பெத்னல் கிரீனிலிருந்து ரோமன் ரோடு வழியாகக் கிழக்கே நடந்தால் க்ரோவ் ரோடு சந்திப்பு வரும். அங்கே இருக்கும் புல்வெளிக்கு வெனிங்டன் கிரீன் என்று பெயர். 193ஆம் எண் அந்தப் புல்வெளியில்தான் இருந்தது. வரும் தேதியை இங்கேயே எழுதுங்கள், சனி ஞாயிறு என்றால் நானும் வருகிறேன்.